மதினி இளைத்த கதை

மதினிக்கு மூட்டுவலி வந்த பிறகுதான், எங்கள் தெருவில் வைத்தியம் தெரியாத ஆளே கிடையாது என்பது எனக்குத் தெரிந்தது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவள். அதனால் எங்களுக்குள் வாங்க, போங்க எல்லாம் கிடையாது; கேலியும் சண்டையும்தான். சின்னமனூரில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. முன்வீட்டில் அவர்கள். பின்வீட்டில் நான், என் வீட்டுக்காரர், என் தையல் மெஷின். அண்ணனுக்கு மேகமலை போகிற ரோட்டில் பன்னீர் திராட்சைத் தோட்டம். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தெருவில் எல்லார் கையிலும் செல்போன் வர ஆரம்பித்திருந்த சமயம்.

முழங்கால் வீங்கி, உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்று ஆனதும் அண்ணன் அவளை உள்ளூர் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்து வாசலில் நின்றபடியே சொன்னாள்: "எடையைக் குறைச்சாத்தான் மூட்டு தாங்குமாம். இல்லேன்னா நடையே நின்னு போகும்னு சொல்றாக."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகைக்குக் காரணம் எனக்குத் தெரியும். மகனுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டான் என்று கைவிட்ட நேரத்தில், சித்திரைத் திருவிழாவுக்கு வெறுங்காலோடு வீரபாண்டிக்கு நடந்து வருகிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். பையன் பிழைத்து, வளர்ந்து, கோயம்புத்தூரில் காலேஜுக்கும் போய்விட்டான். நேர்த்திக்கடன் மட்டும் அப்படியே நின்றது. ஒரு வருஷம் எங்கள் அம்மாவின் சாவு, ஒரு வருஷம் தோட்டத்தில் அறுப்பு, ஒரு வருஷம் மழையில் திராட்சை வெடித்துப் போன துக்கம். இப்போது முழங்கால்.

"நடக்க முடியாமப் போச்சுன்னா ஆத்தா முகத்துல எப்படிடி முழிப்பேன்?" என்றாள்.

"முதல்ல நட. அப்புறம் முழிக்கலாம்" என்றேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. மறுநாள் விடியலில் அவளை இழுத்துக்கொண்டு மேகமலை ரோட்டில் நடக்கப் போனேன். எனக்கும் உடம்பு கொஞ்சம் சாஸ்திதான்.

அந்த ரோட்டில் நாங்கள் மட்டுமா? பேங்க் மேனேஜர் மனைவி, நாங்கள் பேங்க் வீட்டு அக்கா என்போம், மதுரைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். பலசரக்குக் கடை அக்கா, நடந்தால் ரோடே அவருக்குத்தான் போதும். இன்னும் நாலைந்து பேர். கால் நடந்ததைவிட வாய் நடந்ததுதான் அதிகம். பேங்க் வீட்டு அக்கா வாரப் பத்திரிகை ஒன்றைக்கூட விடமாட்டார். அதில் வருகிற குறிப்பெல்லாம் மறுநாள் காலை எங்களுக்கு வந்து சேர்ந்துவிடும்.

வேர்க்க வேர்க்க நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்றார். சரி என்று என் வீட்டுக்காரர் குளிருக்கு வைத்திருந்த ஸ்வெட்டரை, சின்னமனூர் வெயிலில், சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு நடந்தேன். நாய் குரைத்தது. தோட்டத்தில் திராட்சைப் பெட்டி எடை போடுகிற மெஷினில் ஏறிப் பார்த்தேன், நிஜமாகவே கொஞ்சம் குறைந்திருந்தது. அடி சக்கை என்று சந்தோஷத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப ஏறினால், போனது அத்தனையும் வந்து உட்கார்ந்திருந்தது. வேர்ப்பது தண்ணீர். கொழுப்பு வேர்த்து வெளியே வராது. இதைத் தெரிந்துகொள்ள நான் அந்த நாயிடம் குரைப்பு வாங்க வேண்டியிருந்தது.

ராத்திரி சோறு ஆகாது, சப்பாத்திதான் நல்லது என்றார்கள். எங்கள் வீட்டில் சோறு நின்றது. என் வீட்டுக்காரர் உருளைக்கிழங்குக் குருமாவைத் தொட்டுக்கொண்டு சப்பாத்தியை அடுக்கடுக்காக உள்ளே தள்ளிவிட்டு, "டயட்டுனா நல்லாத்தான்டி இருக்கு" என்றார். பலசரக்குக் கடை அக்கா டி.வி.யில் பார்த்து, இடுப்பில் கட்டினால் அதிர்கிற பெல்ட் ஒன்றை வரவழைத்தார். கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பார். அக்கா அதிர்ந்தார், நாற்காலி அதிர்ந்தது, மேசை மேல் இருந்த மிட்டாய் பாட்டில் அதிர்ந்தது. இடுப்பு மட்டும் அசையாமல் அப்படியே இருந்தது. கொள்ளு ரசம் குடித்தோம். ருசியாக இருந்தது, பசி அடங்கியது. அதற்கு மேல் கொள்ளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அது உடம்புக்குள் போய்க் கொழுப்பைத் தேடிப் பிடித்து உருக்கும் என்று சொன்னால், ஒரு தானியத்திடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்றுதான் கேட்பேன்.

எல்லாமே பொய் என்றும் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும், ஆனால் அது நியாயம் ஆகாது. நடந்ததில் எனக்கு மூச்சு வாங்குவது குறைந்தது. படுத்தால் தூக்கம் வந்தது. தையல் மெஷின் மிதித்தால் இடுப்பு பிடித்துக்கொள்வது நின்றது. எடை மட்டும் லேசில் இறங்கவில்லை. உடம்பு இறங்கினால் மூட்டுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதும் சரிதான். சிக்கல் என்னவென்றால், நிஜமும் புளுகும் ஒரே வாயிலிருந்து, ஒரே குரலில், ஒரே அக்கறையோடு வந்தன. பேங்க் வீட்டு அக்கா எங்களை ஏமாற்ற நினைத்தவர் இல்லை. தான் நம்பியதைத்தான் சொன்னார்.

திராட்சை வைத்தியமும் அப்படித்தான் வந்தது. "காலைல பலகாரம் எதுவும் வேண்டாம். திராட்சைச் சாறும், வெந்நீர்ல தேனும். பழம்தானே, எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம். உடம்பைச் சுத்தம் பண்ணிச் சதையை வாங்கிடும்" என்றார்.

வேறு ஊராக இருந்தால், பழம் விற்கிற விலைக்கு, ரெண்டு நாளில் விட்டிருப்பார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கத் திராட்சை. குலையைப் பெட்டியில் அடுக்கும்போது காம்பை விட்டு விழுகிற உதிரிப் பழத்தை வியாபாரி எடுக்கமாட்டான். அது கூடை கூடையாக வீட்டுக்கு வந்துவிடும். அதைப் பிழிந்து மதினி குடித்தாள். மேகமலையிலிருந்து இறங்குகிற தேனும் வீட்டில் எப்போதும் இருந்தது. காலையில் குடித்தாள். பிறகு பதினோரு மணிக்கும் குடித்தாள். தாகமாக இருக்கிறது என்று சாயங்காலமும் குடித்தாள்.

இளைத்தாள். அம்மாடி, என்ன வேகம்! பெட்டி எடை மெஷினில் ஏறும்போதெல்லாம் முள் கீழேதான் போனது. அவளுடைய ஜாக்கெட்டைப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அதையும் பிரித்து இன்னும் உள்ளே பிடித்தேன். கோயிலுக்குப் போனால் பெண்கள் நிறுத்திக் கேட்டார்கள். "பொம்பளப் பிள்ள கணக்கா ஆயிட்டியேத்தா!" என்று ஒரு பெரியம்மா கன்னத்தை வழித்தார். அண்ணன் பேச்சில் புது மரியாதை வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அவளோடு அதே ரோட்டில் நடக்கிறேன், அதே கொள்ளைக் குடிக்கிறேன், எனக்கு மட்டும் ஏன் இறங்கவில்லை? நானும் ஒரு வாரம் திராட்சைச் சாறு குடித்துப் பார்த்தேன். எடை ஏறியது. "உனக்கு மனசுல அழுக்கு, அதான்" என்று மதினி சிரித்தாள். நானும் சிரித்தேன், உள்ளே புகைந்துகொண்டே.

அவளுக்கு ஓயாத தாகம். வெந்நீர் குடிக்கிறாள், அதனால் நா வறளுகிறது என்றோம். அடிக்கடி பாத்ரூம் போனாள். உடம்பில் இருக்கிற கெட்ட நீரெல்லாம் வெளியேறுகிறது, வைத்தியம் வேலை செய்கிறது என்றார் பேங்க் வீட்டு அக்கா. மத்தியானமானால் கட்டையைப் போட்டது போலப் படுத்துவிடுவாள். இவ்வளவு சதை குறைந்தால் அசதி இருக்காதா என்றோம். அண்ணன் தோட்டத்தில் பந்தலுக்குள் செருப்புப் போடக் கூடாது, அது எங்கள் குடும்பத்து வழக்கம். கொடியைக் கவாத்து வெட்டிப் போட்ட குச்சி ஒன்று அவள் குதிகாலில் ஏறி நின்றதை நான்தான் பார்த்துப் பிடுங்கினேன். அவள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. "தோட்டத்துல நடந்த காலுடி இது. உன்னைய மாதிரி மெஷின் மிதிக்கிற காலுன்னு நினைச்சியா?" என்றாள். அதையும் சரி என்று விட்டேன்.

இன்றைக்கு யோசித்தால் எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது. ஒரு வைத்தியம் தப்பு என்றால் அதற்கு ஏதாவது அடையாளம் வேண்டுமே? எங்கள் வைத்தியத்தில் அதற்கு வழியே வைக்கவில்லை. எது வந்தாலும் அது குணமாவதற்கான அறிகுறியாகவே ஆகிவிட்டது. போதாததற்கு எடை மெஷின் வேறு எங்கள் பக்கம் சாட்சி சொன்னது. மெஷின் பொய் சொல்லவில்லை. எடை குறைந்தது என்றுதான் அது சொன்னது. ஏன் குறைந்தது என்று நாங்களும் கேட்கவில்லை, அதற்கும் தெரியாது.

சித்திரை வந்தது. முழங்கால் வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மதினி மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நானும் வெறுங்காலோடு கிளம்பினேன். விடியும் முன் புறப்பட்டதால் சீலையம்பட்டி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறியதும் தார் ரோடு தன் வேலையைக் காட்டியது. நான் ஓரத்து மண்ணில் குதித்தேன், புல்லைத் தேடி ஓடினேன், யாராவது குடத்துத் தண்ணீரை ரோட்டில் ஊற்றினால் அதிலேயே நின்றுகொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. மதினி ரோட்டின் நடுவில், நிமிர்ந்து, அவசரமில்லாமல் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

"சுடலையா மதினி?" என்று பின்னால் இருந்து கத்தினேன்.

"சுடவே இல்லடி! மெத்தையில நடக்குற மாதிரி இருக்கு!" என்று திரும்பிச் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கூட நடந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அம்மன் அவள் காலுக்குக் கீழே கையை விரித்திருக்கிறாள் என்று ஒருவர் சொன்னார். வழியில் கொடுத்த பானகத்தை வாங்கி வாங்கிக் குடித்தாள். கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டபோது குலுங்கிக் குலுங்கி அழுதாள். அத்தனை வருஷப் பாரம் இறங்கிய அழுகை அது. என் கால் பற்றி எரிந்தாலும், அன்று எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

பஸ்ஸில் திரும்பி, சாயங்காலம் குழாயடியில் கால் கழுவினோம். நான் என் கொப்புளங்களைத் தொட்டுத் தொட்டு முனகிக்கொண்டிருந்தேன். மதினி காலடியில் ஓடிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. குங்குமம் கரைகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து அவள் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் தோல் பாதி உரிந்து தொங்கியது.

அவள் தன் காலையே யாருடைய காலோ என்பது மாதிரி பார்த்தாள். "இது எப்படி ஆச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குப் பயம் வந்தது அந்தக் கேள்வியில்தான். காயத்தைப் பார்த்துக்கூட இல்லை.

மஞ்சள் பத்துப் போட்டார்கள். வேப்பெண்ணெய் தடவினார்கள். சூட்டுக் கொப்புளம்தானே, காய்ந்துவிடும் என்றான் அண்ணன். என் கொப்புளம் காய்ந்து, தோல் உரிந்து, நான் பழையபடி மெஷின் மிதிக்கத் தொடங்கிவிட்டேன். அவளுடையது காயவில்லை. பெருவிரல் கருத்தது. ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டும்போது வாடை வந்தது. பூவைக் கீழே போட்டுவிட்டு, தோட்டத்திலிருந்து அண்ணனை வரச்சொல்லிச் சண்டை போட்டேன். "இப்பவே காரைப் பிடி. தேனிக்குப் போகணும். நீ வரலேன்னா நானே கூட்டிட்டுப் போறேன்" என்று தெருவே கேட்கக் கத்தினேன். தெரு கேட்டது. அண்ணன் கார் பிடித்தான்.

தேனியில் ஒரு லேடி டாக்டர். காயத்தைப் பார்த்ததும் ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு மதினியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு குச்சியின் முனையால் உள்ளங்காலைத் தொட்டார்.

"தொடும்போது சொல்லுங்கம்மா."

டாக்டர் விரலடியில் தொட்டார், நடுப்பாதத்தில் தொட்டார், குதிகாலில் அழுத்தினார். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். மதினி கண்ணை மூடியபடியே, பொறுமையாக, "எப்ப தொடுவீக டாக்டர்?" என்று கேட்டாள்.

நான் வராந்தாவுக்கு ஓடிவிட்டேன். திரும்பி உள்ளே போனபோது டாக்டர் ரிசல்டைக் கையில் வைத்திருந்தார். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. பல வருஷமாகவே இருந்திருக்க வேண்டும், கால் நரம்பெல்லாம் மரத்துவிட்டது என்றார்.

"எனக்கு எப்படிங்க சர்க்கரை வரும்? நான்தான் இவ்வளவு எடை குறைச்சிருக்கேனே" என்றாள் மதினி. அந்த நிலையிலும் அவள் குரலில் பெருமை இருந்தது. திராட்சைச் சாற்றைப் பற்றியும் தேனைப் பற்றியும் விவரமாகச் சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க குறைக்கலம்மா" என்றார் கடைசியில். "சாப்பிட்டது எதுவும் உடம்புல சேரல. சக்திக்கு வழி இல்லாம உங்க உடம்பு தன் சதையைத் தானே தின்னிருக்கு. அதுல சாறும் தேனும் வேற சேர்ந்திருக்கு."

மதினி என் முகத்தைப் பார்த்தாள். ஜாக்கெட்டைப் பிடித்துப் பிடித்துத் தைத்தபோது ஒவ்வொரு தையலுக்கும் நான் பொறாமைப்பட்டேனே, அந்தச் சதையெல்லாம் எங்கே போனது என்று அப்போதுதான் தெரிந்தது.

கால் தப்புமா என்று அண்ணன் கேட்டான். முயற்சி பண்ணலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் எங்களுக்கு அந்த ஒரு கேள்விதான். பெருவிரலும் அதற்கடுத்த விரலும் போயின. பாதம் தப்பியது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும், "நடப்பேனாடி?" என்றுதான் கேட்டாள். நடப்பாய் என்றேன். டாக்டரைக் கேட்காமல் நானாகச் சொன்ன வைத்தியம் அது ஒன்றுதான், நல்லவேளை, பலித்தது.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சர்க்கரை நோயாளியைப் பார்க்க ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் பிஸ்கட்டும் தூக்கிக்கொண்டு வருகிற ஊர் எங்கள் ஊர். நான் அத்தனையும் வாங்கிப் பின்வீட்டில் அடுக்கினேன். பேங்க் வீட்டு அக்கா வந்து, மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அன்றோடு போய்விட்டது. கோபப்பட வேண்டுமென்றால் ஊர் முழுக்க அல்லவா கோபப்பட வேண்டும்.

பலசரக்குக் கடை அக்கா ஒரு சாயங்காலம் வந்தார். மதினி உட்கார்ந்திருந்த வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கட்டுப் போட்ட காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாத்திரை என்ன, ஊசி என்ன என்று விசாரித்தார். எல்லாம் முடிந்த பிறகு, நாற்காலியை இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் கேக்குறேன்னு தப்பா நினைக்காத. கால் விஷயம் கால் விஷயமா இருக்கட்டும். ஆனா நீ எளைச்ச மாதிரி இந்த ஊர்ல எவளும் எளைக்கல. அந்தச் சாறு... வெறும் வயித்துல எத்தனை டம்ளர் குடிச்ச? எனக்கு மட்டும் சொல்லேன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. என்ன சொல்லியிருப்பேனோ, வாயைத் திறந்துவிட்டேன். மதினி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அக்காவை அவள் கோபமாகப் பார்க்கவில்லை. அந்த முகத்தில் இருந்த ஆசை அவளுக்குத் தெரிந்ததுதான். தாகம் எடுக்கிறதா, அடிக்கடி பாத்ரூம் போகிறீர்களா, கால் மதமதப்பாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "வயசாச்சுல்ல" என்றார்.

"நான் எளைக்கலக்கா" என்றாள் மதினி. "செத்துக்கிட்டு இருந்தேன். ஊரே என்னைய அழகா இருக்கன்னு சொல்லுச்சு."

அக்கா குனிந்து செருப்பைக் கழற்றினார். தன் உள்ளங்காலை மெதுவாகத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஏத்தா, நீ கொஞ்சம் தொட்டுப் பாரேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.